மறக்கத் தெரிந்த பொறி

தமிழ்த்துறை மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று துறைத்தலைவர் அன்போடு கேட்டபோது முதலில் தயங்கினேன். இக்கல்லூரியில் நான் படித்தது இயற்பியல். தமிழை அறிந்ததெல்லாம் முதற்பகுதி வகுப்புகளில் பேராசிரியப் பெருமக்கள் ஊட்டிய அளவே. அதன்பின் என் வாழ்க்கை கோவைப் பட்டறைகளில் எந்திரங்களைப் பழுது பார்ப்பதிலேயே கழிந்துவிட்டது. எண்ணெயும் இரும்புத்தூளும் படிந்த கையால் எழுதுவதற்கு என்ன இருக்கிறது என்று எண்ணினேன். எண்ணிப் பார்த்தபோது, என்னைத் திருத்திய ஒரு பாடம் பட்டறையிலிருந்தே வந்தது என்பது நினைவுக்கு வந்தது. அதனை எழுதினால் மாணவச் செல்வங்களுக்குப் பயன்படும். மூத்தோர் பிழை பொறுப்பர் என்ற துணிவில் எழுதுகிறேன்.

மதுக்கரையும் லேத்தும்

என் ஊர் மதுக்கரை. கோவையிலிருந்து பாலக்காட்டுக் கணவாயை நோக்கிச் செல்லும் வழியில், மலையடிவாரத்தில் அமைந்த ஊர். 1934-இல் இங்கே சிமெண்ட் ஆலை எழுந்தது. சுண்ணாம்புக் கல்லே எங்கள் ஊரின் விளைச்சல் என்று சொல்லலாம். பருத்தி ஆலைகளால் பேர்பெற்ற கோவைக்கு 1932-இல் பைக்காரா மின்சாரம் வந்தது, ஆலைகள் பெருகின. ஆலைகளுக்கு உதிரி உறுப்புகள் தேவைப்பட்டன, பட்டறைகள் பெருகின. 1926-இல் பி.எஸ்.ஜி. தொழிற்பயிலகமும் 1945-இல் அரசினர் பொறியியற் கல்லூரியும் தோன்றின. 1962-இல் தோன்றிய இலட்சுமி மெஷின் ஒர்க்ஸ் நூற்பு எந்திரங்களைச் செய்யத் தொடங்கி, பிற்காலத்தில் கணிப்பொறி இயக்கும் சி.என்.சி. கடைசல் எந்திரங்களையும் செய்தது. தெருவுக்கொரு லேத் சுழலும் நகரம் என்று கோவையைச் சொன்னால் அது மிகையாகாது.

அந்தத் தெருக்களில் ஒன்றில் என் அண்ணனுடைய லேத்தும் சுழன்றது. அத்தா காலமானபோது அண்ணனுக்கு வயது பதினான்கு, எனக்கு எட்டு. எட்டாம் வகுப்போடு அவர் பள்ளியை விட்டார். பிறர் பட்டறையில் இரும்புத்தூள் கூட்டிப் பெருக்கத் தொடங்கி, லேத் ஓட்டக் கற்று, பின்னர் மதுக்கரையிலேயே சொந்தமாக ஒரு பழைய லேத்தை நிறுவினார். பம்புகளுக்குத் தண்டு கடைந்து கொடுப்பது அவர் தொழில். நான் இக்கல்லூரியில் இளநிலைப் பட்டம் பெற்ற 1984 வரை என் விடுதிக் கட்டணமும் தேர்வுக் கட்டணமும் அந்தத் தண்டுகளிலிருந்தே வந்தன. ஒரு தண்டுக்கு இவ்வளவு என்று எண்ணிச் சேர்த்த பணம் அது.

புதிய எந்திரமும் பழைய பிழையும்

2003-ஆம் ஆண்டின் இறுதியில் நான் அண்ணனிடம் ஒரு யோசனை சொன்னேன். பழைய லேத்தில் ஒரு நாளைக்குக் கடையும் தண்டுகளை ஒரு மணி நேரத்தில் கடையும் சி.என்.சி. எந்திரம் ஒன்று இரண்டாம் கையாக விலைக்கு வந்திருந்தது. விலை ஆறு இலட்சம் ரூபாய். மூன்று இலட்சத்தை அண்ணன் முன்பணமாகக் கொடுப்பது என்றும், மீதி மூன்று இலட்சத்தை நான் தவணையாகக் கட்டுவது என்றும் பேசிக்கொண்டோம். அண்ணன் சேமிப்பையெல்லாம் திரட்டிக் கொடுத்தார். எந்திரம் வந்தது. அதனைச் சரிசெய்து ஓட்டும் பொறுப்பு என்னுடையது.

முதல் வேலை 400 தண்டுகள். தாங்கி பொருந்தும் இடத்தில் விட்டம் 25 மில்லிமீட்டர். எச்6 என்னும் தரப்படி அந்த விட்டம் 25-ஐத் தாண்டக் கூடாது. 13 மைக்ரானுக்கு மேல் குறையவும் கூடாது. ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. நம் தலைமுடியின் தடிமனே ஏறத்தாழ எழுபது மைக்ரான் இருக்கும் என்றால் இந்தச் சலுகை எவ்வளவு சிறியது என்பது விளங்கும்.

தண்டுகளில் மூன்றிலொரு பங்கு திரும்பி வந்தது. ஒரே தண்டிலேயே ஒரு முனை பருத்தும் மறு முனை சிறுத்தும் இருந்தன. நான் மேலும் இரவு பகலாகத் திருத்தினேன். திருத்தத் திருத்தப் பிழை வளர்ந்தது. நான்காம் மாதம் வேலை கொடுத்தவர் வேறிடம் போய்விட்டார். அன்று மாலை அண்ணன் என்னைப் பார்த்து, “இதுக்காகத்தான் உன்னைப் படிக்க வெச்சேனா தம்பி?” என்று கேட்டார்.

அந்த ஒரு கேள்விக்கு ஒரு மறுமொழி போதும். நான் முப்பது ஆண்டுக்கால மறுமொழி சொன்னேன். சிறுவயதில் அவர் என்னை அடித்தது, என் திருமணத்தில் என்னைக் கலவாமல் முடிவெடுத்தது, உறவினர் நடுவே ஒருமுறை என்னைக் குறைத்துப் பேசியது என்று ஒன்றுவிடாமல் எடுத்து அடுக்கினேன். “எந்திரம் உங்களுது, தவணையும் உங்களுது. எனக்கு இதுல பங்கு வேண்டாம்” என்று சொல்லி வெளியேறினேன். ஒரு தவணைகூட நான் கட்டியிருக்கவில்லை. அண்ணன் தாம் வீடு கட்டுவதற்கென்று வைத்திருந்த மூன்று சென்ட் மனையை விற்று அந்த மூன்று இலட்சத்தைக் கட்டினார் என்பது பின்னரே என் காதுக்கு எட்டியது. ஆறு ஆண்டுகள் நாங்கள் பேசவில்லை. பெருநாள் தொழுகையில் ஒரே பள்ளிவாசலில், வேறு வேறு வரிசைகளில் நின்றோம்.

பிழையைத் தொகுக்கும் உறுப்பு

இனி, அந்த எந்திரத்தின் உள்ளே நடந்ததைச் சொல்ல வேண்டும். கட்டுப்பாட்டியல் அறியாதவர்க்கும் விளங்கும்படி சொல்ல முயல்கிறேன்.

எந்திரத்தில் கத்தியைத் தாங்கிய சறுக்கி ஒன்று உண்டு. அது நிற்க வேண்டிய இடம் இது என்று கணிப்பொறி கட்டளையிடும். அது உண்மையில் நிற்கும் இடத்தை ஓர் அளவி சொல்லும். இரண்டுக்கும் உள்ள வேறுபாடே பிழை. அந்தப் பிழையைப் பார்த்து மோட்டாருக்கு எவ்வளவு விசை கொடுப்பது என்று முடிவு செய்வது கட்டுப்படுத்தி. விளைவைப் பார்த்துச் செயலைத் திருத்தும் இம்முறைக்குப் பின்னூட்டம் என்று பெயர். இது புதியதன்று. கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவின் தெசிபியஸ் நீர்க்கடிகாரத்தில் மிதவையைக் கொண்டு நீர்வரத்தைச் சீராக்கினார். ஏறத்தாழ கி.பி. 850-இல் பக்தாது நகரின் பனூ மூசா சகோதரர் மூவர் தாமே இயங்கும் பொறிகளைப் பற்றிய தம் நூலில் இத்தகைய மிதவை அடைப்பான்களைப் பலவாறு கையாண்டனர். 1206-இல் அல்-ஜஸரீ தம் பெருநூலில் வருணித்த நீர்க்கடிகாரங்களிலும் இதனைக் காணலாம். நம் முன்னோர் வளர்த்த கலை இது என்று நம் மாணவர்கள் பெருமை கொள்ளலாம். அதனைத் தொடர்ந்து வளர்க்கும் பொறுப்பும் அந்தப் பெருமையோடு சேர்ந்ததே.

இன்றைய கட்டுப்படுத்தி பிழையை மூன்று வகையில் பார்க்கிறது. இப்போது பிழை எவ்வளவு என்று பார்ப்பது ஒன்று. பிழை எத்திசையில், எவ்வளவு விரைவாக மாறுகிறது என்று பார்ப்பது இன்னொன்று. இதுவரை நேர்ந்த பிழைகளையெல்லாம் கூட்டி வைத்துக்கொண்டு பார்ப்பது மூன்றாவது. இம்மூன்றாவது உறுப்பை இண்டகிரேட்டர் என்பர். தமிழில் தொகையீட்டி எனலாம்.

தொகையீட்டி இன்றியமையாதது. எங்கள் எந்திரத்தின் படுக்கை சாய்வானது. சறுக்கியின் எடை ஓயாமல் அதனைக் கீழே இழுத்துக்கொண்டே இருக்கும். இப்போதைய பிழையை மட்டும் பார்க்கும் கட்டுப்படுத்தி, பிழை இருந்தால்தான் விசை கொடுக்கும். எனவே எடையைத் தாங்குவதற்காகவே சிறிது பிழையை எப்போதும் வைத்துக்கொண்டிருக்கும். தொகையீட்டியோ அந்தச் சிறு பிழையைக் கணந்தோறும் கூட்டிக் கூட்டி, எடைக்கு ஈடான விசையைத் தன்னிடத்தில் தேக்கிவைத்து, பிழையைச் சுழியாக்கும்.

அதன் குறையும் அதன் குணத்திலேயே உள்ளது. அது எதனையும் மறக்காது. பிழை சுழியாகிவிட்டது, சறுக்கி வந்துசேர வேண்டிய இடத்துக்கு வந்துவிட்டது. ஆயினும் பழைய பிழைகளின் தொகை உள்ளே இருக்கிறது. அது சறுக்கியை மேலும் தள்ளுகிறது. சறுக்கி எல்லையைத் தாண்டி மறுபுறம் போகிறது. மறுபுறத்தில் புதிய பிழை நேர்ந்து, அந்தப் புதிய பிழை பழைய தொகையைக் கழித்துத் தீர்த்த பின்னரே அது திரும்புகிறது.

இதனுடன் உராய்வும் சேர்ந்தால் நிலைமை இன்னும் மோசம். எங்கள் சறுக்கிக்கு எண்ணெய் செல்லும் குழாய் ஒன்று அடைபட்டிருந்தது. சறுக்கி நான்கு மைக்ரான் குறைவான இடத்தில் ஒட்டிக்கொண்டு நிற்கும். தொகை வளரும். ஒரு கட்டத்தில் ஒட்டு விட்டு, சறுக்கி துள்ளி நான்கு மைக்ரான் அதிகமான இடத்தில் போய் ஒட்டிக்கொள்ளும். பின்பு எதிர்த்திசையில் தொகை வளரும், மீண்டும் துள்ளும். இவ்வாறு அது ஓயாது ஊசலாடியது. சறுக்கி நான்கு மைக்ரான் நகர்ந்தால் தண்டின் விட்டத்தில் எட்டு மைக்ரான் மாறும். இருபுறமும் சேர்த்துப் பதினாறு மைக்ரான். சலுகையோ பதின்மூன்று!

நான் செய்தது என்ன? பிழை தீரவில்லையே என்று தொகையீட்டியின் வலிமையை மேலும் மேலும் கூட்டினேன். பழைய பிழையை இன்னும் அழுத்தமாக நினைவில் வைக்கும்படி அதற்குக் கற்றுக்கொடுத்தேன். எண்ணெய்க் குழாயைக் கழற்றிப் பார்க்கவில்லை. படித்தவன் கணிப்பொறித் திரையின் முன் அமர்ந்திருந்தேன். படிக்காத அண்ணன், “ஸ்லைடு சத்தம் சரியில்ல தம்பி, ஆயில் லைனைப் பாரு” என்று இருமுறை சொன்னார். நான் கேட்கவில்லை.

கிளெக் சொன்ன வழி

2010-ஆம் ஆண்டில் வேறொரு பட்டறையின் எந்திரத்துக்காக ஒரு பொறியியற் கல்லூரி நூலகத்தில் ஆய்விதழ்களைப் புரட்டிக்கொண்டிருந்தேன். அப்போதுதான் ஜே.சி. கிளெக் என்பவர் 1958-இல் வெளியிட்ட கருத்து என் கண்ணிற்பட்டது.

கிளெக் சொன்னது வியப்பூட்டும் அளவுக்கு எளியது. தொகையீட்டி வழக்கம்போல் பிழையைக் கூட்டிக்கொண்டே வரட்டும். ஆனால் பிழை சுழியைத் தொடும் அந்தக் கணத்தில், கூட்டி வைத்த தொகை முழுவதையும் சுழியாக்கிவிட வேண்டும். வந்துசேர வேண்டிய இடத்துக்கு வந்தாயிற்று. இனிப் பழங்கணக்கு எதற்கு என்பது அவர் கருத்து. இதனை ரீசெட் கட்டுப்பாடு என்பர். மீளமைப்புக் கட்டுப்பாடு என்று நாம் சொல்லலாம்.

இதன் பயனை ஓர் எண் காட்டுகிறது. ஊசலாடும் பிழை ஒன்றைச் சாதாரணத் தொகையீட்டிக்குக் கொடுத்தால், அதன் மறுமொழி 90 பாகை பின்தங்கி வரும். முழு ஊசல் ஒன்றை 360 பாகையாகக் கொண்டால், இது கால் ஊசல் தாமதம். ஊஞ்சலைத் தள்ளுபவர் காலம் தவறித் தள்ளினால் என்ன ஆகும் என்பது நமக்குத் தெரியும். கிளெக்கின் தொகையீட்டியில் இந்தத் தாமதம், ஊசலின் முதன்மைக் கூற்றைக் கொண்டு கணித்தால், 38.1 பாகை மட்டுமே. ஊசலில் பத்தில் ஒரு பங்கைச் சற்றே மிஞ்சியது. ஏறத்தாழ 52 பாகை மிச்சம்!

நேர்கோட்டு விதிகளுக்கு உட்பட்ட கட்டுப்படுத்திகளுக்கு இத்தகைய சலுகை கிடையாது. அவற்றின் எல்லைகளைப் போடே என்ற அறிஞர் 1945-இல் வெளியிட்ட நூலில் வகுத்துக் காட்டினார். நீர் நிரம்பிய தோற்பையை ஓரிடத்தில் அழுத்தினால் மற்றோரிடத்தில் புடைக்கும். அதுபோல ஓர் அதிர்வெண்ணில் பிழையைக் குறைத்தால் வேறோர் அதிர்வெண்ணில் அது கூடும். சுழியாக்கும் செயல் நேர்கோட்டு விதிக்குள் அடங்காதது. ஆதலால் அந்தத் தளையை ஓரளவு தளர்த்துகிறது. 1974, 1975 ஆண்டுகளில் ஹொரோவிட்சும் அவருடன் கிருஷ்ணன், ரோசன்பாம் ஆகியோரும் இக்கருத்தை வளர்த்தனர். நேர்கோட்டுக் கட்டுப்படுத்தி எதனாலும் எட்ட முடியாத ஓர் இலக்கினை மீளமைப்பு முறை எட்டிவிடும் என்பதை 2001-இல் பெக்கரும் உடனாய்வாளர்களும் ஓர் எடுத்துக்காட்டால் மெய்ப்பித்தனர்.

அண்மைக் காலத்தில் இக்கலை நெதர்லாந்து நாட்டின் டெல்ப்ட், ஐந்தோவன் பல்கலைக்கழகங்களில் செழித்து வளர்ந்துள்ளது. கணிப்பொறிச் சில்லுகளைச் செய்யும் எந்திரங்களில் சிலிக்கான் தகட்டைத் தாங்கும் மேடை, மைக்ரானிலும் ஆயிரத்தில் ஒரு பங்கான நானோமீட்டர் அளவுக்குத் துல்லியமாக நகர வேண்டும். அதுவும் மின்னல் வேகத்தில் நகர வேண்டும். அத்தகைய நுண்ணியக்கத்துக்காகவே இந்த ஆய்வுகள் நடைபெறுகின்றன. எங்கள் சறுக்கியை வாட்டிய அதே நோயை, அதாவது உராய்வால் ஒட்டி நின்று துள்ளுவதை, தொகையீட்டியை உரிய கணத்தில் மீளமைத்துத் தணிக்கும் வழியை 2019-இல் பீரன்சு குழுவினர் ‘ஆட்டோமேட்டிகா’ இதழில் வெளியிட்டனர்.

முழுவதும் மறத்தல் ஆகாது

கிளெக்கின் கட்டுரைக் கருத்தைப் படித்த அன்று எனக்கு உறக்கம் வரவில்லை. எந்திரத்தைப் பற்றிய எண்ணமன்று. அண்ணன் கேட்ட ஒரு கேள்விக்கு முப்பது ஆண்டுத் தொகையை நான் திருப்பிக் கொட்டியது நினைவுக்கு வந்தது. அந்த அடியும் அந்தச் சொல்லும் நிகழ்ந்தபின் எத்தனை முறை அண்ணனும் நானும் ஒரே தட்டில் உண்டு சிரித்திருக்கிறோம்! பிழை எத்தனை முறை சுழியைத் தொட்டிருக்கிறது! ஒவ்வொரு முறையும் நான் தொகையைத் தீர்க்காமல் உள்ளே வைத்துக்கொண்டிருந்தேன். மறுபுறம் எகிறிப் போனது சறுக்கி மட்டுமன்று.

அந்த ஆண்டு செப்டம்பரில் நோன்புப் பெருநாள் வந்தது. தொழுகை முடிந்ததும் அண்ணன் நின்ற வரிசைக்குப் போனேன். என்ன சொல்வது என்று ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன். “அண்ணே” என்பதற்கு மேல் வரவில்லை. அவர் என்னைத் தழுவிக்கொண்டார். “வா, வீட்டுக்குப் போலாம். உங்க அண்ணி பிரியாணி பண்ணியிருக்கா” என்றார். ஆறு ஆண்டுத் தொகை அந்தக் கணத்தில் அவரிடத்தில் சுழியாயிற்று. மக்கா வெற்றியின் நாளில், கி.பி. 630-இல், தம்மை ஊரைவிட்டே விரட்டியவர்களை அண்ணல் நபி (ஸல்) அவர்கள் பொதுவாக மன்னித்தருளிய வரலாற்றை நாம் ஆண்டுதோறும் மேடைகளில் பேசுகிறோம். அதன் ஒரு சிறு துளியை அன்று மதுக்கரைப் பள்ளிவாசல் முற்றத்தில் நான் பெற்றேன்.

கட்டுரை இத்துடன் முடிந்திருந்தால் அது இனிய கட்டுரையாக இருக்கும். ஆனால் நேர்மையான கட்டுரையாக இராது.

கிளெக்கின் முறைக்கும் ஒரு குறை உண்டு. சாய்ந்த படுக்கையில் சறுக்கியின் எடை எப்போதும் கீழே இழுத்துக்கொண்டே இருக்கிறது என்று சொன்னேன் அல்லவா? அந்த எடையைத் தாங்கிக்கொண்டிருப்பது தொகையீட்டியில் தேங்கிய தொகைதான். பிழை சுழியானதும் தொகை முழுவதையும் அழித்துவிட்டால், எடையைத் தாங்க ஆளில்லை. சறுக்கி மீண்டும் கீழே வழுகும், மீண்டும் பிழை, மீண்டும் தொகை, மீண்டும் அழிப்பு. ஓயாத ஆட்டம். தொகையை வெட்டும்போது விசையில் உண்டாகும் திடீர்த் துள்ளல் எந்திரத்தின் வேறு அதிர்வுகளை எழுப்பிவிடுவதும் உண்டு.

ஆதலால் பின்வந்தோர் பகுதி மீளமைப்பைக் கண்டனர். ஸ்பெயின் நாட்டு அறிஞர்கள் பானோஸும் விதாலும் 2007-இல் வகுத்த முறையில் தொகையீட்டி இரு கூறாகிறது. ஒரு கூறு பிழை சுழியைத் தொட்டதும் அழிகிறது. மற்றொரு கூறு அழியாமல் நின்று, ஓயாத சுமையைத் தாங்குகிறது. எதனை அழிப்பது, எதனை வைத்திருப்பது என்று அறிவதே அக்கலையின் நுட்பம்.

இதனைப் படித்தபோது மார்க்க அறிஞர்கள் நமக்குக் கற்றுத்தந்த வேறுபாடு என் நெஞ்சில் உறைத்தது. இறைவனுக்கும் அடியானுக்கும் இடையிலுள்ள கடமைகளில் நேர்ந்த பிழைகளை உள்ளம் உருகிய பாவமன்னிப்பால் இறைவன் அழித்துவிடுகிறான். ஆனால் ஹக்குல் இபாத் எனப்படும் மனிதர்தம் உரிமைகள் அவ்வாறு அழிவதில்லை. பெற்ற கடனைத் திருப்பித் தர வேண்டும். அல்லது உரியவரே மனமுவந்து விட்டுக்கொடுக்க வேண்டும். தழுவிக்கொண்டதால் கோபம் தீரலாம், கடன் தீராது. திருவள்ளுவரும் செய்ந்நன்றி அறிதல் அதிகாரத்து 108-ஆம் குறளில் மறக்கக் கூடாதது இது, மறக்க வேண்டியது இது என்று இரண்டாகப் பிரித்தார். மறக்க வேண்டியதற்குக் காலவரையறையும் சொன்னார். அந்தப் பொழுதிலேயே மறந்துவிட வேண்டும் என்பது அவர் கருத்து. தமிழ்த்துறை மாணவர்கள் அக்குறளை மீண்டும் ஒருமுறை எடுத்துப் பார்க்கவேண்டுகிறேன். மறதியையும் நினைவையும் ஒரே குறளில் அளந்த கட்டுப்பாட்டியல் அது.

எண்ணி வாங்கிய பணம்

பெருநாளுக்கு மறுவாரம் அண்ணனுடைய பட்டறைக்குப் போனேன். அந்த எந்திரத்தை விற்க முடியாமல், துல்லியம் வேண்டாத வேலைகளுக்கு அவர் ஓட்டிக்கொண்டிருந்தார். இருவரும் சேர்ந்து சறுக்கியைக் கழற்றினோம். அடைபட்டிருந்த எண்ணெய்க் குழாயை அண்ணன் ஊதி எடுத்தபோது கரிய பிசின் ஒன்று விழுந்தது. அவர் அதனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. சறுக்கியின் ஜிப்பைச் சரிசெய்தோம். நான் கூட்டி வைத்திருந்த தொகையீட்டியின் வலிமையைப் பெரிதும் குறைத்தேன். அந்தப் பழைய எந்திரத்தில் கிளெக்கின் மீளமைப்பைச் சேர்க்க வழியில்லை. அதற்குத் தேவையும் இல்லை. உராய்வு தீர்ந்ததும் டயல் கேஜின் முள் ஓரிடத்தில் நின்றது. அன்று கடைந்த தண்டுகள் அனைத்தும் அளவுக்குள் அடங்கின.

“தண்டு சரியாகலேன்னது என் தப்பு அண்ணே. நீங்க ரெண்டு தடவை சொன்னீங்க” என்றேன்.

“அதை அன்னிக்கே விட்டாச்சு” என்றார்.

“மூணு லட்சம் நான் குடுக்கறதாச் சொன்னது. அதைக் குடுத்துடறேன்.”

அவர் வேண்டாம் என்று சொல்வார் என்று என் மனத்தின் ஒரு மூலை எதிர்பார்த்தது. அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை. சற்று நேரம் கையிலிருந்த துணியால் விரல்களைத் துடைத்துக்கொண்டே இருந்தார். பின்பு, “மாசாமாசம் எவ்வளவு முடியும்?” என்று கேட்டார்.

மாதம் ரூ.6,250 வீதம் 48 தவணைகள். 2010 அக்டோபரில் தொடங்கியது 2014 செப்டம்பரில் முடிந்தது. என் மகள் கல்லூரியில் சேர்ந்த ஆண்டும் அதற்குள் அடங்கியது. சில மாதங்களில் அந்தப் பணம் என் வீட்டில் உணவுச் செலவைச் சுருக்கியது. தவணை நிறுத்திக்கொள்ளலாமா என்று அண்ணனிடம் கேட்க இருமுறை வாய்வரை வந்தது. கேட்டிருந்தால் அவர் விட்டுக்கொடுத்திருப்பார். ஆனால் மூன்று சென்ட் மனையில் எழாத அந்த வீடு என் கண்முன் நின்றது. அவர் இன்றும் வாடகை வீட்டில்தான் இருக்கிறார். அந்த ஆண்டுகளில் மதுக்கரையில் மனை விலை ஏறிவிட்டது. 2014-இல் மூன்று இலட்சத்துக்கு அந்த மூன்று சென்ட் கிடைக்காது. இவ்வாறு, முழுவதும் திருப்பித் தந்தும் முழுவதும் திருப்பித் தர முடியாத கடன் ஒன்று என்னிடத்தில் மிஞ்சியிருக்கிறது. அதனை நான் அழிக்க முயலவில்லை. சாய்ந்த படுக்கையில் சறுக்கியைத் தாங்கும் தொகைபோல அது என்னுள் நின்று என்னை வழுகாமல் வைத்திருக்கிறது.

கடைசித் தவணையைக் கொடுத்த நாளில் அண்ணன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, நோட்டுகளை ஒவ்வொன்றாக எண்ணினார். ஒருமுறை எண்ணி முடித்துவிட்டு மறுமுறையும் எண்ணினார். பழைய நானாக இருந்தால், ‘தம்பி கொடுத்த பணத்தை இப்படியா எண்ணுவது?’ என்று அதனையும் ஒரு பிழையாகத் தொகையில் சேர்த்திருப்பேன். அன்றைக்கு அவ்வாறு தோன்றவில்லை. நாற்பது ஆண்டுகளாகத் தண்டின் விட்டத்தை மைக்ரோமீட்டரில் இருமுறை அளந்து பார்த்துப் பழகிய கை அது. “சரியா இருக்கு தம்பி” என்றார். தண்டு அளவுக்கு வந்துவிட்டால் அவர் சொல்லும் சொல்லும் அதுவே.

மாணவச் செல்வங்களே! நீங்கள் பொறியியல் படித்தாலும் தமிழ் படித்தாலும் இந்த ஒன்றை நினைவில் கொள்ளுங்கள். உறவில் பிழை நேரும். அது தீரும் கணமும் வரும். அந்தக் கணத்தில் மனத்தாங்கலை அழித்துவிடுங்கள். ஆனால் உங்களுக்காகச் சுமை தாங்கியவர்களின் கணக்கை மட்டும் அழித்துவிடாதீர்கள். உங்கள் கட்டணத்துக்குப் பின்னே யாரோ ஒருவருடைய எண்ணிச் சேர்த்த பணம் இருக்கிறது. எதனை மறப்பது, எதனை நினைப்பது என்று பிரித்தறியும் அறிவை எல்லாம் வல்ல இறைவன் நம் அனைவருக்கும் வழங்குவானாக! ஆமீன்.